ஆளுமை வகைகளை வைத்துச் செவிலியர் குழுவின் நம்பிக்கையைப் பெற முடியுமா?

கேள்வி: வார்டு இன்சார்ஜ், மதுரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டுக்கு அண்மையில் இன்சார்ஜாகப் பொறுப்பேற்றுள்ளேன். அதே வார்டில் பல ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். என்னை 'அக்கா' என்று அழைத்து, மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்டவர்கள் இப்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறார்கள். மரியாதை கூடியிருக்கிறது, ஆனால் முன்பு என் காதுக்குத் தானாக வந்து சேர்ந்த செய்திகள் இப்போது வருவதில்லை.

இந்தச் சூழ்நிலையில் எங்கள் நிர்வாகம் வெளியிலிருந்து பயிற்றுநர்களை அழைத்துத் தலைமைப் பண்பு குறித்த பயிலரங்கு ஒன்றை நடத்தியது. எல்லாச் செவிலியரும் ஒரு வினாத்தாளை நிரப்பினோம். பராமரிப்பவர், வீரர், அறிஞர், கலகக்காரர், விளையாட்டுக்காரர் என்று பன்னிரண்டு ஆளுமைப் படிமங்களை வகுத்து, அவற்றுள் எது உங்களுக்கு உரியது என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். ஒருவரின் படிமத்தை அறிந்து அதற்கேற்பப் பழகினால் குழுவின் நம்பிக்கை தானாக வளரும் என்பது அவர்கள் கற்பித்த கருத்து. இப்போது மனிதவளப் பிரிவு, டியூட்டி சார்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் படிமத்தையும் ஒரு கட்டமாகச் சேர்க்கச் சொல்கிறது.

என் தயக்கத்துக்குக் காரணமான ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். எங்கள் வார்டில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட் அளவு கொண்டவை. அவற்றுக்குச் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சைத்தான் பயன்படுத்த வேண்டும். ஓர் இரவு, ட்ராலியில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. பணியிலிருந்த இளம் செவிலி அதில் 20 என்ற கோடு வரை மருந்தை எடுத்துவிட்டார். அந்தச் சிரிஞ்சில் 20 என்பது 0.2 மில்லி, எங்கள் குப்பியிலிருந்து அதை எடுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட் மட்டுமே. பக்கத்தில் நின்ற இன்னொரு செவிலி மூடியின் நிறத்தைப் பார்த்துத் தடுத்துவிட்டதால் ஊசி போடப்படவில்லை. இருவரும் சிரிஞ்சை மாற்றிச் சரியான அளவைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து மருந்தகத்து ஊழியர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வாரமும் அதே சிரிஞ்சுப் பெட்டி வேறு இரண்டு வார்டுகளிலும் இருந்திருக்கிறது.

அந்த இளம் செவிலியின் அட்டையில் 'பராமரிப்பவர்' என்று இருக்கிறது. தடுத்தவருக்குக் 'கலகக்காரர்' என்று வந்திருக்கிறது. விடுமுறைப் பட்டியலைப் பற்றி அடிக்கடி கேள்வி கேட்பவர் என்பதால் அவரை வேறு பிரிவுக்கு மாற்றலாமா என்று மேலிடத்தில் பேச்சு அடிபடுகிறது. இந்த வகைப்பாடு எனக்கு உண்மையில் உதவுமா? உதவாது என்றால், நடந்ததை என்னிடம் அச்சமின்றி வந்து சொல்லும் நம்பிக்கையை இவர்களிடம் எங்கிருந்து தொடங்கி வளர்ப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்

வணக்கம் சகோதரி. அரசு மருத்துவமனையில் வார்டு செவிலியாகத் தொடங்கிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது, ஊசி நோயாளிக்குப் போகவில்லை என்ற நிம்மதியோடு நீங்கள் நின்றுவிடாமல், அந்தப் பெட்டி மற்ற வார்டுகளிலும் ஒரு வாரம் இருந்தது என்பதைக் கவனித்திருப்பது. செய்தி உங்களை வந்து சேராததால் ஏற்படும் ஆபத்து உங்கள் வார்டோடு முடிவதில்லை.

அட்டைகளைப் பற்றி முதலில் ஒன்று சொல்கிறேன். செவிலியர் கூட்டத்தில் இப்படி ஒரு வினாத்தாளைக் கொடுத்தால் பெரும்பாலோருக்குப் 'பராமரிப்பவர்' என்றுதான் வரும். ஏனென்றால் நம்மிடம் எது எதிர்பார்க்கப்படுகிறதோ அதையே நாம் விடையாகக் குறிப்போம். அதன் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 'பராமரிப்பவர்' என்று பெயர் வாங்கியவரிடம் இரட்டை டியூட்டி கேட்பது எளிதாகிவிடுகிறது. அவர் மறுத்தால் தன் இயல்புக்கே மாறாக நடந்ததுபோல் அவருக்கே குற்ற உணர்வு வருகிறது. 'கலகக்காரர்' என்று பெயர் வாங்கியவர் கேட்கும் நியாயமான கேள்விகூட அவருடைய குணக்கோளாறாகக் கணக்கு வைக்கப்படுகிறது. உங்கள் வார்டில் ஒரு தவறான அளவைத் தடுத்து நிறுத்தியவரை இடமாற்றம் செய்யப் பேசுகிறார்கள் என்றால், அந்த அட்டை ஏற்கெனவே வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

நம் தொழிலின் முன்னோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைக் 'கைவிளக்கேந்திய காரிகை' என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்த ஒற்றைப் படிமத்துக்குள் அவரை அடைத்துவிட்டோம். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 செவிலியருடன் துருக்கியில் பிரிட்டிஷ் வீரர்களுக்காக இயங்கிய ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்ற அவர், இரவில் விளக்கோடு சுற்றி வந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அங்கே வீரர்கள் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். 1855 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதார ஆணையம் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்துக்கு வழிசெய்த பிறகே இறப்பு வேகமாகக் குறைந்தது. நாடு திரும்பிய பின், புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து அந்த எண்களை ஆராய்ந்து, போர்க்காயங்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே மிகுதியானோரைக் கொன்றன என்பதை 1858இல் வரைபடமாக வரைந்து அரசின் முன் வைத்தார். தன் மேற்பார்வையில் இருந்த மருத்துவமனையின் நிலையையும் மறைக்காமல் எண்களாக எடுத்துக்காட்டியதால்தான், அவர் பிறகு சொன்னவற்றை அமைச்சர்களும் தளபதிகளும் கேட்டார்கள். இந்தப் பெண்மணியைப் பராமரிப்பவர் என்பதா, அறிஞர் என்பதா, கலகக்காரர் என்பதா? மூன்றும் அவரிடம் இருந்தன. எந்த நேரத்தில் எது தேவைப்பட்டதோ அது வெளிப்பட்டது.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். யாராவது கெட்ட செய்தியோடு உங்கள் மேசை முன் வந்து நிற்கும்போது உங்கள் முகத்திலும் வாயிலும் முதலில் என்ன வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். நான் பழக்கப்படுத்திக்கொண்ட வரிசை இது: நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்பது முதல் கேள்வி; நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், உட்காருங்கள் என்பது அடுத்தது; என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகுதான். 'யார் செய்தது' என்ற கேள்வியை நான் கேட்டதே இல்லை, ஏனெனில் முதல் மூன்றுக்கும் விடை கிடைத்தால் அதுவும் தானாகத் தெரிந்துவிடும். காலையில் ஷிப்ட் மாறிப் பணியை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் எல்லாரும் நிற்கும்போது, ஆயாவும் உறவினரும் கேட்கும் தூரத்தில், ஒருவரின் பெயரைச் சொல்லித் தவறை விசாரித்தால், அன்று அங்கே நின்ற ஒவ்வொருவரும் இனி எதையும் சொல்லக்கூடாது என்ற முடிவோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்தது, சொன்னதற்குப் பலன் கண்ணில் தெரிய வேண்டும். சிரிஞ்சு விஷயத்தை அந்தப் பெண் அன்றிரவே சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? மருந்தகத்துக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பியிருப்பீர்கள், மற்ற வார்டுகளுக்குத் தகவல் சொல்லியிருப்பீர்கள். அதை இப்போது செய்யுங்கள். செய்துவிட்டு அந்த இருவரிடமும் திரும்பி வந்து, 'நீங்கள் கண்டுபிடித்ததால் இது மாறியிருக்கிறது' என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு வாரத்தைப் பற்றி அப்போது பேசாதீர்கள். அவர்களுக்கே அது உறைக்கும்.

பிறகு டியூட்டி சார்ட். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றும். வார்டில் இருப்பவர்களுக்குத் தலைமையின் நேர்மை தெரியும் ஒரே இடம் இதுதான். தீபாவளிக்கு யார் நைட், பொங்கலுக்கு யார் ஆஃப், கிறிஸ்துமஸுக்கு யார் கேட்டும் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அடுத்த ஆண்டுவரை எல்லாருக்கும் நினைவிருக்கும். நீங்கள் அவர்களிலிருந்து எழுந்து வந்தவர் என்பதால், உங்கள் நெருங்கிய தோழிக்கு எந்த ஷிப்ட் விழுகிறது என்பதை மற்றவர்கள் மிக நுட்பமாகப் பார்ப்பார்கள். போன ஆண்டுப் பண்டிகைப் பணிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு, அதன்படி இந்த ஆண்டு சுழற்சி என்று அறிவித்துவிட்டால் பாதிப் புகைச்சல் அடங்கிவிடும்.

பதில்: நிறுவன உளவியல் ஆசிரியர்

மேலே அம்மா எழுதியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். பயிலரங்கில் கற்பிக்கப்பட்டதன் பின்னணியை மட்டும் சற்று விளக்க விரும்புகிறேன், ஏனெனில் அதன் வலுவும் வரம்பும் தெரியாமல் அதை ஏற்பதோ தள்ளுவதோ கடினம்.

ஆதிப்படிமங்கள் என்று சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் பேசியது புராணங்களிலும் கனவுகளிலும் திரும்பத் திரும்பத் தோன்றும் தாய், வீரன், முதியவர் போன்ற உருவங்களைப் பற்றி. மனிதர் ஒவ்வொருவரிடமும் அவை அனைத்தும் உறைந்திருக்கின்றன என்பதே அவருடைய கருத்து. ஊழியர்களை ஆளுக்கொரு படிமமாகப் பிரிப்பதற்கு அவர் அதை வகுக்கவில்லை. அகமுகம், புறமுகம் என்னும் உளவியல் வகைகளை அவர் 1921இல் தனியாக எழுதினார். அதைத் தழுவி, உளவியலில் முறையான பயிற்சி பெறாத கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியதுதான் இன்று உலகெங்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் பதினாறு வகை வினாத்தாள். உங்களுக்குக் கொடுத்த பன்னிரண்டு படிமப் பட்டியல் இன்னும் பிந்தியது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுயமுன்னேற்றத்துக்கும் வணிகச் சின்னங்களுக்குமாக எழுதியவர்கள் வழியே பரவியது.

இப்படிப்பட்ட அட்டைகள் நமக்கு அச்சாகப் பொருந்துவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு நடத்தி, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆளுமை விவரம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள். அதன் வாசகங்களைப் பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து எடுத்திருந்தார். 'உங்களுக்குள் பயன்படாத ஆற்றல் நிறைய இருக்கிறது' என்பது போன்ற வாசகம் யாருக்குத்தான் பொருந்தாது?

ஆய்வாளர்கள் இன்று பெரிதும் நம்புவது வகைகளைவிட அளவுகளை. புதியவற்றை ஏற்கும் மனம், கடமை ஒழுங்கு, புறமுக ஈடுபாடு, இணக்கம், மனக்கலக்கத்துக்கு ஆட்படும் தன்மை என்ற ஐந்து பண்புகளும் எல்லாரிடமும் கூடவோ குறையவோ இருக்கின்றன. பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவரை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று தள்ளுவதால்தான், சில வாரங்கள் கழித்து அதே வினாத்தாளை மீண்டும் நிரப்பும் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. இப்படி மாறக்கூடிய ஒன்றை டியூட்டி சார்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடுவது முறையன்று.

நம்பிக்கையைப் பொறுத்தவரை, மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகிய மூவர் 1995இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று எனக்கு எப்போதும் பயன்படுகிறது. ஒருவரை நாம் நம்புவதற்கு மூன்று காரணங்களை அவர்கள் சொல்கிறார்கள்: அவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்ற எண்ணம், நம் நலனில் அவருக்கு அக்கறை இருக்கிறது என்ற எண்ணம், சொன்ன நெறிப்படி நடப்பவர் என்ற எண்ணம். உங்கள் நிலையை இதில் வைத்துப் பார்த்தால், உங்கள் வேலைத் திறமையை அவர்கள் நெடுநாள் கண்டிருக்கிறார்கள்; அதில் ஐயம் இருக்க வாய்ப்பில்லை. அக்கறையையும் தோழியாக இருந்தபோது கண்டிருப்பார்கள். அதிகாரம் கைக்கு வந்த பிறகு உங்கள் நெறி மாறுமா, மாறாதா என்பதைத்தான் அவர்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் அவர்களுடைய ஆளுமையை அளப்பதைவிட, அவர்கள் உங்களை அளப்பதற்குத் தெளிவான சான்றுகளைத் தருவதே பொருத்தமான தொடக்கம்.

உங்கள் துறையிலேயே நடந்த ஓர் ஆய்வையும் குறிப்பிட வேண்டும். ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். 1996இல் அவர் வெளியிட்ட முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது: நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் பதிவான தவறுகள் மிகுதி. அவர்கள் அதிகமாகத் தவறு செய்ததால் அப்படி வரவில்லை. தண்டனை அச்சமின்றி எடுத்துச் சொன்னதால் வந்தது. எங்கே குற்றவாளியைப்போல் விசாரிக்கப்பட்டார்களோ அங்கே பதிவேடு சுத்தமாக இருந்தது. உங்கள் வார்டின் பதிவேட்டில் ஒன்றும் இல்லை என்று யாராவது பாராட்டினால், அந்தப் பாராட்டை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: மனிதவளப் பயிற்றுநர், கோயம்புத்தூர்

மேலுள்ள விமர்சனங்களை ஏற்கிறேன். ஆனாலும் முழுவதும் தள்ளிவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். பயிலரங்குகளில் நான் நேரில் கண்ட ஒரு பயன் உண்டு. நம் ஊர்ப் பணியிடங்களில் 'எனக்கு இப்படிப் பேசினால் பிடிக்காது' என்று மேலதிகாரியிடம் நேராகச் சொல்வது அநேகமாக நடக்காத காரியம். ஒரு தாள் கையில் இருக்கும்போது, 'இதில் எழுதியிருப்பது எனக்குப் பொருந்துகிறது சார், எல்லாரும் பார்க்கக் கேள்வி கேட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும்' என்று ஓர் ஊழியர் சொல்லிவிடுகிறார். தாள் அறிவியல்படி சரியா என்பது அந்த நேரத்தில் இரண்டாம்பட்சம். அவர் தம்மைப் பற்றிச் சொல்லிய அந்த வாக்கியம் உண்மையானது.

ஆகவே நான் மூன்று கட்டுப்பாடுகளோடு மட்டுமே இதை நடத்துகிறேன். அட்டை அவரவர் கையில் இருக்க வேண்டும், கோப்பில் ஏறக்கூடாது. ஒருவர் தம் வகையைத் தாமே சொல்லலாம், மற்றவர் சொல்லி அழைக்கக்கூடாது. மேலதிகாரி தம் அட்டையை முதலில் எல்லார் முன்னும் படித்து, இதில் எது தமக்குப் பொருந்துகிறது, பதற்றம் வந்தால் தாம் எப்படி மாறிவிடுவார் என்று பேச வேண்டும். பதினாறு வகை வினாத்தாளை நிர்வகிக்கும் அமைப்பே அதை ஆள் தேர்வுக்குப் பயன்படுத்துவது நெறியன்று என்று அறிவித்திருக்கிறது. அதே நெறியின்படி உங்கள் இடமாற்றப் பேச்சும் தவறுதான். பணிப் பட்டியலில் கட்டம் சேர்ப்பதை நீங்கள் எதிர்ப்பது சரி. அதற்காக உங்கள் குழுவோடு ஒருமுறை உட்கார்ந்து பேசக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

பதில்: விமானப் பணிக்குழுப் பயிற்சியில் இருந்தவர்

என் துறை மருத்துவம் அன்று; ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வியை விமானத்துறை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, அட்டைகளில் தொடங்கி, அவற்றை விட்டு விலகி வந்திருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தை நெருங்கிய யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்ற ஐயம் எழுந்தது. தலைமை விமானி அதைத் தீர்ப்பதிலேயே மூழ்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டார். எரிபொருள் குறைவது பற்றி விமானப் பொறியாளர் பேசினார். ஆனால் தலைமை விமானியின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்று விமானம் தரையில் விழுந்தது; 10 பேர் இறந்தார்கள். விமானத்தில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. தகவலும் விமானி அறையிலேயே இருந்தது. ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்கு அது போய்ச் சேரவில்லை.

1979இல் நாசா கூட்டிய பயிலரங்குக்குப் பின், 1981இல் யுனைடெட் நிறுவனம் விமானி அறைக் குழுவுக்கான முதல் விரிவான பயிற்சியைத் தொடங்கியது. அந்தத் தலைமுறைப் பயிற்சிகள் உங்கள் பயிலரங்கைப் போலத்தான் இருந்தன: உளவியல் தேர்வுகள், தலைமைப் பாணி எது என்ற வகைப்பாடு, அடக்கியாளும் தலைமை விமானியையும் வாய் திறக்காத இளையவரையும் திருத்தும் முயற்சி. விமானிகள் பலர் இதை நாகரிகம் கற்பிக்கும் வகுப்பு என்று ஒதுக்கினார்கள். 1986இல் நாசா நடத்திய அடுத்த பயிலரங்கின் காலத்தில் பயிற்சியின் போக்கு மாறியிருந்தது. யார் எந்த வகை என்பதை விட்டுவிட்டு, புறப்படும் முன் தலைவர் என்ன சொல்ல வேண்டும், எதை இருவர் சரிபார்க்க வேண்டும், ஐயம் வந்தால் எந்தச் சொற்களில் சொல்ல வேண்டும், சொல்லியும் கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன என்ற செயல்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். கூச்சமுள்ளவர் கூச்சமுள்ளவராகவே இருக்கலாம். அவர் சொல்ல வேண்டிய வாக்கியம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருப்பதால், தம் துணிச்சலைத் திரட்டிக்கொண்டிருக்க வேண்டிய தேவை அவருக்குக் குறைகிறது.

மருத்துவத்துறையும் இதை எடுத்துக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது ஒரு படி. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியல் சோதிக்கப்பட்டபோது, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என்று 2009இல் வெளியிட்டார்கள். பட்டியல் முழுவதுக்குமான பலன் அது. அதில் ஒரு படி மட்டுமே இது. ஆனாலும் ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்னவருக்கு இரண்டாம் முறை வாய் திறப்பது எளிது என்பதை நான் பயிற்சி அறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் வார்டுக்கு நான் பரிந்துரைப்பது இன்சுலின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற அதிக ஆபத்துள்ள மருந்துகளுக்கு இரண்டாம் செவிலியின் சரிபார்ப்பைக் கட்டாய நடைமுறையாக்குவது. அப்போது தடுத்தவர் எவரும் கலகக்காரர் ஆகமாட்டார். தம் வேலையைச் செய்தவர் ஆவார். நீங்களே ஊசி எடுக்கும் நாளில், அங்கிருப்பவர்களில் மிக இளையவரை அழைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: வார்டு இன்சார்ஜ், மதுரை

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சிரிஞ்சுப் பெட்டிகள் மூன்று வார்டுகளிலிருந்தும் திரும்பிப் போய்விட்டன. இரு செவிலியரிடமும் தனியாகப் பேசினேன். இளையவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தம் பயிற்சிக் காலம் முடிய இன்னும் சில மாதங்கள் இருப்பதால் வேலை போய்விடும் என்று அஞ்சியதாகச் சொன்னார். அட்டையில் இருந்த எந்தச் சொல்லும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. வேலை நிரந்தரமாகாத எல்லாரிடமும் இதே அச்சம் இருக்கும் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பயிற்றுநர் ஐயா சொன்னபடி, பதற்றம் வந்தால் என் குரல் எப்படி மாறும் என்பதை வார்டுக் கூட்டத்தில் முதலில் நானே பேச இருக்கிறேன். இரண்டாம் சரிபார்ப்பையும் தொடங்குகிறோம். எஞ்சியிருப்பது மேலிடம். படிமக் கட்டத்தை நிரப்பாமல் டியூட்டி சார்ட்டை அனுப்பினால் காரணம் கேட்பார்கள். இடமாற்றப் பேச்சும் நிற்கவில்லை. புதிதாகப் பொறுப்பேற்ற நான் இதை எப்படி எழுத்தில் வைப்பது?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்

சகோதரி, பயிற்சிக் காலம் பற்றி அந்தப் பெண் உங்களிடம் சொல்லிவிட்டார் என்பதே நல்ல தொடக்கம். அவருடைய பணி நிரந்தரத்துக்கான மதிப்பீட்டை எழுதப்போவது நீங்கள் என்றால், இந்த நிகழ்வு அதில் அவருக்கு எதிராக ஏறாது என்பதை இப்போதே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொன்னதை அப்படியே காப்பாற்றுங்கள்.

நர்சிங் கண்காணிப்பாளர் வழியாக ஒரு கடிதம் கொடுங்கள். பயிலரங்கைக் குறை கூறி ஒரு வரிகூட வேண்டாம். பணி ஒதுக்கீட்டை அனுபவம், நோயாளிகளின் நிலை, சென்ற மாத இரவுப் பணிகள் ஆகியவற்றை வைத்துச் செய்வதாகவும், படிமக் கட்டம் அதற்குத் தேவைப்படவில்லை என்பதால் காலியாக விட்டிருப்பதாகவும் எழுதுங்கள். இடமாற்றம் பற்றிப் பேசும்போது 'நல்லவர், ஆர்வமுள்ளவர்' என்று குணம் பேசாதீர்கள். எந்தத் தேதியில், எந்த மருந்தில், எந்த அளவுத் தவறை அவர் தடுத்தார், அதனால் எத்தனை வார்டுகளில் சிரிஞ்சு மாற்றப்பட்டது என்பதை மட்டும் எழுதுங்கள். விடுமுறைப் பட்டியல் குறித்து அவர் கேட்ட கேள்விகளில் நியாயமானவை இருந்தால், அவற்றை ஏற்றுப் பட்டியலை மாற்றியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். ஆசிரியர் சொன்ன ஆய்வை நினைவில் வைத்து, வரும் மாதங்களில் எங்கள் வார்டிலிருந்து வரும் சம்பவ அறிக்கைகளின் எண்ணிக்கை கூடும் என்றும், நடந்ததை நடந்தவுடன் எழுதும்படி செவிலியரை நானே கேட்டுக்கொண்டிருப்பது அதற்குக் காரணம் என்றும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், புதிய இன்சார்ஜ் வந்த பிறகு தவறுகள் பெருகிவிட்டன என்று அடுத்த தரக் கூட்டத்தில் உங்கள் வார்டைத்தான் சுட்டுவார்கள். அந்தச் சுட்டலுக்குப் பிறகு உங்கள் செவிலியர் மீண்டும் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். கடிதத்தைக் கொடுக்கும்போது நகல் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.